காற்று பார்த்தல்

விடியலுக்கு முன். கிடாரிப்பட்டிப் பக்கம், அழகர்மலை அடிவாரம். மலை தெரியவில்லை. நட்சத்திரங்கள் நின்றுபோகும் இடத்தில் மலை தொடங்குகிறது.

பெரியவர் குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதி எடுக்கிறார். விரல்களைத் தளர்த்துகிறார். புழுதி நேரே விழாமல் எங்கள் பக்கம் வருகிறது.

"எறங்குது" என்கிறார்.

*

இரவெல்லாம் குளிர்ந்த காற்று சரிவு வழியே இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் பட்டுப் பாறை சூடேறினால் திரும்பி மேலே போகும். நடுவில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் சேராமல் சுழலும். அப்போது நகரக் கூடாது. மனிதனின் வாடை எங்கே போகிறது என்று மனிதனுக்கே தெரியாத நேரம்.

விடியுமுன் கீழிருந்து ஏற வேண்டும். வெயில் வந்தபின் மேலிருந்து இறங்க வேண்டும். எப்போதும் காற்று முகத்தில் பட வேண்டும்.

வில்லைத் தொடுவதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்களாம்.

*

யார் கையிலும் வில் இல்லை.

பெரியவரிடம் ஒரு கம்பு. பேரனிடம் தண்ணீர் பாட்டில். என்னிடம் இந்த நோட்டு.

*

1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் கும்பெனியின் அறிவிப்பு: தென்சீமையில் இனி ஆயுதம் கூடாது. 1882இல் சென்னை வனச் சட்டம். காட்டுக்கு எல்லைக்கோடு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அப்போது பெரியவருக்கு மீசை அரும்பவில்லை. அப்பாவின் பின்னால் மலையேறத் தொடங்கியிருந்த வயது.

கை ஒவ்வொன்றாய் விட்டது. வளரி. ஈட்டி. வில்.

காது விடவில்லை.

*

பாதத்தின் வெளி ஓரம் முதலில் இறங்குகிறது. பிறகு உள்பக்கம். சருகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாதம் தடவிப் பார்த்த பிறகுதான் உடம்பின் எடை வருகிறது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறேன். கல் குளிர்ச்சி. மண் குளிர்ச்சி. இரண்டும் வேறு வேறு குளிர்ச்சி.

நடை மெதுவாக ஆக, என் மூச்சு எனக்குப் பெரிதாகக் கேட்கிறது.

*

ஆள்காட்டிக் குருவி. கண்மாய்ப் பக்கமிருந்து.

எங்களைத்தான் சொல்கிறது.

நிற்கிறோம். அது சொல்லி முடிக்கட்டும். மலைக்கு நாங்கள் வந்தது தெரிந்துவிட்டது. மலை மறக்கிற வரைக்கும் இருக்க வேண்டும்.

பெரியவர் உட்காருகிறார்.

*

உட்கார்ந்திருத்தல் நீள்கிறது.

முழங்கால் வலிக்கிறது. வலி கொஞ்ச நேரம் முழங்காலில் இருக்கிறது. பிறகு எங்கோ இருக்கிறது.

கொசு காதோரம். கை எழப் பார்க்கிறது. எழவில்லை.

மனதில் ஒரு கடன் பாக்கி. ஒரு தொலைபேசி எண். யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல். வருகின்றன. யாரும் கை நீட்டாததால் போகின்றன.

*

மூங்கில் வில்லில் இருபது எட்டுக்கு மேல் நம்பிக்கை கிடையாது என்கிறார். அதற்குள் போக வேண்டும். மானின் கண்ணிமை தெரிகிற தூரம். காதில் உண்ணி ஒட்டியிருந்தால் அதுவும் தெரிகிற தூரம்.

துப்பாக்கிக்கு அந்தக் கண் தெரிய வேண்டியதில்லை.

*

வெளிச்சம் பாறையில் முதலில் வருகிறது. மரத்தில் பிறகு. எங்கள் கைகளில் கடைசியாக.

கீழே சமவெளி. கண்மாய்களில் வானம். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகள், சதுரம் சதுரமாய், வெள்ளையாய். அவற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தெற்கே யானைமலை. படுத்திருக்கிறது.

*

சோழன் ஏவிய வேள்வி. சமணர் வளர்த்த தீ. அதிலிருந்து எழுந்த யானை மதுரையை நோக்கி வருகிறது. பாண்டியன் சொக்கனிடம் ஓடுகிறான். சொக்கன் வேடனாய் வருகிறார். மண்டபத்தின் மேல் ஏறி நிற்கிறார். நரசிங்கக் கணை. ஓர் அம்பு.

யானை கல்லாகிறது.

திருவிளையாடலின் அறுபத்து நான்கில் இது ஒன்று. மேற்கே நாகமலைக்கும் இப்படி ஒரு கதை. ஊரை விழுங்க வந்த பாம்பு. இந்த முறை எய்தவன் பாண்டியன்.

எய்யப்பட்டவை இந்தச் சமவெளியைச் சுற்றிக் கிடக்கின்றன. நடுவில் ஊர். ஊருக்குள் எய்தவனின் கோயில்.

பேருந்தில் ஒத்தக்கடை தாண்டும்போதெல்லாம் அந்தத் துதிக்கையைப் பார்க்கிறேன். நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு யானை. எழவும் இல்லை. செத்ததாகவும் தெரியவில்லை. அதன் விலாவில் நரசிங்கருக்கு ஒரு குடைவரை, 770இல் வெட்டியது. கொஞ்சம் தள்ளித் தீர்த்தங்கரர்கள், பாறையில் கண் மூடாமல்.

கதையில் யானையை அனுப்பியவர்கள் சமணர்கள். கல்லில் யானையின் மேல் அமைதியாய் உட்கார்ந்திருப்பவர்களும் சமணர்கள்.

இதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

*

வெயில் முதுகில்.

புழுதி இப்போது நேரே விழுகிறது.

யாரும் நகரவில்லை.

*

பிறகு புழுதி மலையை நோக்கிச் சாய்கிறது.

"ஏறுது" என்கிறான் பையன். பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. தலை மட்டும் லேசாக அசைகிறது.

*

ஓடைக்கரையில் தடம்.

முன்னால் இரண்டு குளம்பு. பின்னால், சற்று விலகி, இரண்டு சின்னக் குழி. பன்றி. மானுக்குப் பின்குழி விழுவது அபூர்வம், கால் ஆழப் புதைந்தால்தான் உண்டு என்கிறார்.

மரத்தில் சேறு. சகதியில் புரண்டு வந்து உரசியிருக்கிறது. எந்த உயரத்தில் சேறு இருக்கிறதோ அந்த உயரத்தில் அதன் விலா. பையன் மரத்தருகே நின்று அளக்கிறான். அவன் தொடை வரைக்கும் வருகிறது.

சேறு ஈரம். விரலில் எடுத்து மோந்து பார்க்கிறார். என்னிடமும் நீட்டுகிறார்.

அழுகிய கிழங்கு. மழை. இன்னொன்று, பெயர் தெரியாதது.

*

அடிவார வயல்களில் கடலை. சுற்றிலும் பழைய சேலைகள் கட்டியிருக்கின்றன. பச்சை, ஊதா, மஞ்சள். சில சேலைகளில் ஜரிகை இன்னும் மின்னுகிறது. ராத்திரி காற்றில் அவை அசைந்தால் பன்றி உள்ளே வராது என்று நம்பிக்கை. வருகிறது. ஒரு ராத்திரியில் ஒரு வயல் போய்விடும்.

அந்த வீட்டின் துயரமும் உண்மை.

*

சில ஊர்களில் சேலைக்குப் பதில் மின்கம்பி. சில ஊர்களில் அவுட்டுக்காய். இரைக்குள் வெடிமருந்து. கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும். யானை கடிக்கும். தாடை கிழிந்து, தின்ன முடியாமல், நாள் கணக்கில் நடந்து சாகும்.

வைத்தவன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

இதை வேட்டை என்று எழுதக் கை வரவில்லை.

*

இன்னொரு பன்றி.

அதே திருவிளையாடலில். ராசராச பாண்டியன் வேட்டைக்குப் போகிறான். ஆண் பன்றி விழுகிறது. பெண் பன்றியும் விழுகிறது. அரசன் திரும்பிவிடுகிறான். காட்டில் பன்னிரண்டு குட்டிகள். கண் திறந்து, பசித்து, தாயைத் தேடி.

சொக்கன் தாய்ப்பன்றியாக வருகிறார். பால் கொடுக்கிறார்.

புது மண்டபத்தில், திருமலை நாயக்கர் கட்டிய தூண்களில் ஒன்றில், அவர் நிற்கிறார். பன்றி முகம். அந்தத் தூணுக்கு முன்னால் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சத்தத்தின் நடுவே நின்று பார்த்திருக்கிறேன். கடைகள் இப்போது இல்லை. மண்டபத்தில் சத்தமும் இல்லை.

யானையை எய்தவரும் அவர். பன்றிக்குப் பால் கொடுத்தவரும் அவர். ஒரே ஊர். ஒரே புராணம். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

குட்டிகள் பின்னாளில் பாண்டியனுக்கு மந்திரிகளாகின்றன. அந்தப் பகுதிக்கு மனம் போவதே இல்லை. பால் குடிக்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

*

உச்சிவேளை. குகை.

ஊர் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறது. சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கல் படுக்கைகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகள். கொடுத்தவர்களின் பெயர்கள். உள்ளே சுனை. தண்ணீர் கறுப்பாய், அசையாமல்.

இதே மலையில் செங்காவிக் கோடுகள். பாறையின் தோலில் ஊறிப் பழுப்பாகிப் போனவை. இந்தச் சரிவுகளில் தேடித் தின்று வாழ்ந்தவர்களின் விரல்.

ஒருவர் எறும்பையும் மிதிக்காமல் நடக்கப் பழகினார். ஒருவர் சருகையும் மிதிக்காமல் நடக்கப் பழகினார்.

கல் படுக்கையில் படுக்கிறேன். தலைமாட்டில் லேசான மேடு. முதுகுக்குக் கீழே குளிர்ச்சி ஏறுகிறது.

இரண்டு நடையும் ஒரே சத்தமின்மையா.

தெரியவில்லை. வௌவால் நாற்றம். தண்ணீர் எங்கோ சொட்டுகிறது.

*

கீழடியில் கிடைத்த எலும்புகள். 2019 அறிக்கையில் பட்டியல் இருக்கிறது. மாடு, எருமை, ஆடு. அவற்றோடு நீலகாய், கலைமான், காட்டுப்பன்றி, மயில். சிலவற்றில் வெட்டுத்தடம்.

வைகைச் சமவெளியில் கலைமான் ஓடியிருக்கிறது. நான் தினமும் டீ குடிக்கிற சாலையோரத்திலும் ஓடியிருக்கலாம்.

இன்று அதைப் பார்க்க வல்லநாடு வரை போக வேண்டும்.

*

குகை நிழலில் பெரியவர் பையனுக்கு வில் சொல்கிறார்.

கல்மூங்கில். உள்ளே ஓட்டை இல்லாதது. தேய்பிறையில் வெட்ட வேண்டும், வளர்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்கும். நிழலில் காய வேண்டும். வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். தீயில் காட்டி, முழங்காலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். ஒரே நாளில் வளைத்தால் அது வளைந்த வில் இல்லை, பயந்த வில்.

நாணுக்கு மருள். பாறையோரம் கத்திபோல் நிற்கிற செடி. இலையை ஊறவைத்து, கத்தி முதுகால் வழித்தால், வெள்ளை நார். தொடையில் வைத்து முறுக்க வேண்டும். ஈரமாய் முறுக்கி, இழுத்துக் கட்டி, காய விட வேண்டும்.

வேலை முடிந்தால் நாணை இறக்கி வைக்க வேண்டும். எப்போதும் ஏற்றியே வைத்த வில் தன் பலத்தை மறந்துவிடும்.

இதைச் சொல்லும்போது அவர் கை தானாகத் தொடையில் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நார் இல்லை. கை மட்டும்.

*

எழுந்து நிற்கிறார். இடது கை நீள்கிறது. வலது கை கன்னம் வரை வருகிறது. தோள்பட்டை இரண்டும் முதுகில் நெருங்குகின்றன. மூச்சு பாதியில் நிற்கிறது.

கையில் ஒன்றுமில்லை.

குகை வாசலில், வெளிச்சத்துக்கு எதிரே, அந்த வயதான முதுகு.

விடுகிற கணத்தை எதிர்பார்த்துப் பையனின் வாய் திறந்திருக்கிறது.

அவர் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை முன்னால் கொண்டுவந்து, தளர்த்தி, கீழே தொங்கவிடுகிறார்.

"பாதி நாளு இப்புடித்தான் திரும்புவோம்."

*

சித்திரைத் திருவிழா. ஒன்பதாம் நாள். திக்குவிசயம். மாசி வீதியில் மீனாட்சி வில்லோடு வருகிறாள். திசைக் காவலர்களை ஒவ்வொருவராக வெல்கிறாள். கூட்டம் ஆரவாரிக்கிறது. கடைசியில் சிவன். எதிரே நிற்கிறார். வில் தாழ்கிறது.

சின்ன வயதில் வில் தாழ்கிற இடத்தில் ஏமாற்றமாக இருக்கும்.

இப்போது அந்த இடத்துக்காகத்தான் போகிறேன்.

*

"எய்ததும் ஓடக் கூடாது" என்கிறார்.

அம்பு பட்ட மான் ஓடும். பின்னால் துரத்தினால் மேலும் ஓடும், எங்கோ புதரில் விழுந்து நரி தின்னும். உட்கார வேண்டும். மான் நின்ற இடத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். நுரைத்த சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்தில் கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் ஈரல், நேரம் ஆகும். புல் கலந்து பச்சையாக இருந்தால் குடல்.

குடல் என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார்.

பையன் கேட்கிறான். "பாவமா இல்லையா தாத்தா?"

"இருந்துச்சு."

*

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சுனையில் ஒரு தட்டான் முட்டை இடுகிறது. வால் நுனி தண்ணீரைத் தொடுகிறது. எடுக்கிறது. தொடுகிறது.

*

கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு ஆடியில் விழா எடுக்கிறார்கள். புறநானூற்றில் அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானைக் கடந்து, பன்றியைக் கடந்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய் நிற்கிறது. பாடியவர் வன்பரணர்.

அதே வன்பரணர் இன்னொரு வேடனையும் பாடியிருக்கிறார். பலா மரத்தடியில் புலவர் களைத்துக் கிடக்கிறார். மான் குருதி பட்ட கால்களோடு ஒருவன் வருகிறான். எழப் போனவரைக் கை காட்டி உட்கார்த்துகிறான். தன் ஆட்கள் வந்து சேருமுன் தானே தீ மூட்டி, கொழுத்த கறியைச் சுட்டுக் கொடுக்கிறான். பசி தீர்கிறது. அருவி நீர் குடிக்கிறார்கள். புறப்படும்போது கழுத்து மாலையையும் கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு என்கிறார் புலவர். சொல்லவில்லை. நீ யார் என்கிறார். சொல்லவில்லை.

வழியில் பிறர் சொல்லித்தான் தெரிகிறது, அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி என்று.

ஓரியின் அம்பு எனக்கு வியப்பு. நள்ளி மூட்டிய தீயருகே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

*

பையன் பொட்டலத்தைப் பிரிக்கிறான். எலுமிச்சைச் சோறு. வறுத்த கடலை. மூன்று பங்கு. பெரியவர் முதல் பிடியைப் பாறை ஓரத்தில் வைக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லை. எறும்பு வருகிறது.

சோறு இன்னும் லேசாகச் சூடு. எலுமிச்சையின் புளிப்பு. இலையின் மணம்.

*

மேலே வல்லூறு.

அரிட்டாபட்டிப் பக்கமிருந்து வந்திருக்கலாம். அந்தக் குன்றுகள் 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலம் ஆயின. 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயின. ஊர்கள் எழுந்து மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நடையில் இந்தப் பெரியவரும் இருந்தாராம். அன்று செருப்புப் போட்டிருந்தாராம், தார் சுட்டதால்.

வல்லூறு சிறகை மடக்குகிறது. விழுகிறது. பாறைக்குப் பின்னால் போய்விட்டது. கிடைத்ததா என்று தெரியவில்லை.

*

சிவராத்திரிக்கு மறுநாள் இந்தப் பக்கத்து ஊர்களில் பாரி வேட்டை. நாயும் கம்புமாக முயலுக்குப் போவார்கள். இப்போது வனத்துறை முன்கூட்டியே எச்சரிக்கிறது. சாமி புறப்பாடு இருக்கிறது. பொங்கல் இருக்கிறது. சில ஊர்களில் சும்மா காட்டு விளிம்பு வரை போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

விஜயதசமியில் திருப்பரங்குன்றத்து முருகன் பசுமலைக்கு வருகிறான். அங்கே அம்பு போடும் மண்டபம். அம்பு காற்றில் போகிறது. எங்கே விழுந்தது என்று யாரும் தேடுவதில்லை.

*

தடம் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று வனத்துறைக்கு வேண்டும். கணக்கெடுப்புக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021இல் புலிகள் காப்பகம் ஆனது. வில்லி என்ற வேடன் காடு திருத்திய இடம் என்று அந்த ஊருக்குக் கதை. தம்பி கண்டனைப் புலி அடித்துக் கொன்றதாகவும் கதை.

கேமராக்கள் மரத்தில் இருக்கின்றன. எந்த மரத்தில் கட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எந்தப் பாதையில் தண்ணீருக்கு வரும், எந்த மாதத்தில் பாதை மாறும்.

அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு காலை நேரமும், பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் வேண்டும். வேறு செலவு கிடையாது. ஒவ்வொரு முறை ஒரு பெரியவர் இறந்தார் என்று கேள்விப்படும்போதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

*

இறக்கம். தொடைகள் நடுங்குகின்றன.

காட்டுமாட்டுச் சாணி. மேலே காய்ந்து, கம்பால் கிளறினால் உள்ளே ஈரம். நேற்று ராத்திரி. வண்டு ஒன்று தன் உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிப் போகிறது. மேட்டில் உருண்டை திரும்பி உருள்கிறது. வண்டும் கூடவே உருள்கிறது. மறுபடி தள்ளுகிறது.

பையன் தாண்டிப் போகாமல் சுற்றிப் போகிறான். யாரும் சொல்லவில்லை.

*

ஓடைக்கரை. காலையில் பார்த்த தடத்தின் மேல் இப்போது வேறு தடங்கள். ஓரம் கூர்மையானவை புதியவை. ஓரம் உதிர்ந்தவை பழையவை. குளம்புக் குழிக்குள் விழுந்த சருகு, விழுந்து மிதிபட்ட சருகு, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

"எத்தன போயிருக்கு?" என்று கேட்கிறார் பெரியவர்.

பையன் குந்துகிறான். விரலால் தொடாமல், காற்றில் எண்ணுகிறான். நாலு என்கிறான்.

"குட்டி?"

பையன் மறுபடி முதல் தடத்துக்குப் போகிறான்.